டார்ச் பிடித்தவர்

லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிய நாளிலிருந்து அமுதவல்லியின் பழைய லேப்டாப் திரை இருண்டே கிடந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும், அந்த வெளிச்ச வட்டத்துக்குள் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. திரையின் விளக்கை எழுப்ப ஒற்றை வரிக் கட்டளை போதும்; ஆனால் ஒரு கையில் டார்ச், இன்னொரு கையால் தட்டச்சு. அடித்ததெல்லாம் தப்பாகவே விழுந்தது. மூன்றாம் நாள் அலுத்துப்போய், தெருவில் போன பழைய சாமான்காரரைக் கூப்பிட்டுவிட்டாள்.

தராசோடு வந்தவர் திரையைக் குனிந்து பார்த்தார். "உள்ள என்னமோ ஓடுதேம்மா. உசுரோட இருக்கறத எப்படி எடைக்குப் போடுறது?"

"அப்ப இந்த டார்ச்சப் புடிங்கண்ணே."

பிடித்தார். வட்டம் கொஞ்சமும் ஆடவில்லை. அந்த ஒற்றை வரியை அவள் இரண்டு கைகளாலும் அடித்து முடித்து, லேப்டாப்பை அணைத்து மறுபடி இயக்கினாள்.

பளிச்சென்று நீலம் பரவியது. சாயங்காலம் வீட்டில் விளக்குப் போட்டதும் கும்பிடுவதுபோல, இருவர் கைகளும் தாமாகக் குவிந்தன. அவர் உள்ளங்கைகளுக்கு நடுவே டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

வெறும் தராசோடு படியிறங்கியவர் பாதியில் நின்று திரும்பினார்.

"யம்மா, இதே மாதிரி ஆறு நம்ம கடையில மூட்டைக்குள்ள கெடக்கு. எல்லாத்துக்கும் நான்தான் டார்ச் புடிப்பேன்."