எறும்பு போனாலும் தெரியும்

“பாஸ்வேர்டு ஞாபகம் வந்துச்சாண்ணே?”

தையல்காரரின் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாள். மூன்று நாளில் இது நாலாவது தடவை. கேமராக்காரர் தலையைச் சொறிந்தார்.

“இல்லம்மா. தப்பு தப்பா போட்டதுல மொத்தமா பூட்டிக்கிச்சு. கம்பெனிலேருந்து ஆள் வரணும்.”

நேற்று மெமரி கார்டு பழுது என்றிருந்தார். முந்தாநாள் போனில் சார்ஜ் இல்லை. பாவம், ஒரே பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட மனுஷருக்குத் தெரியவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேட்டுக்கு மேலே கறுப்புக் குமிழுக்குள் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது.

“இதோ எரியுதேண்ணே. இதுக்கு நேர் கீழதானே அவரை வண்டியில இடிச்சுத் தள்ளிட்டுப் போனாங்க? மழைன்னு தெருவே கதவைச் சாத்திட்டு இருந்துச்சு. நீங்களும் கடையில இருந்தீங்க. பாத்தது இது ஒண்ணுதான்.”

“ஆமா, பாத்திருக்கும்...” என்று இழுத்தார்.

“முட்டிக்குக் கீழ ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. மிஷின் மிதிக்கிற கால்ணே அது. கேஸ் கீஸெல்லாம் எனக்கு வேணாம். யாருன்னு தெரிஞ்சா போதும். ஒரு மனுஷன் விழுந்து கிடக்கறப்போ எப்படி நிக்காம போனேன்னு ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்.”

உள்ளேயிருந்து அவர் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். தலை நிமிராமல் திரும்பிப் போனாள்.

“நம்ம பாப்பாவுக்கு ஒண்ணாங்கிளாஸ்லேருந்து யூனிஃபார்ம் தைச்சவர்ணே அவர்” என்றவள், டீயைத் தொடாமல் எழுந்தாள். “நாளைக்குக் காலைல ஸ்டேஷன்லேருந்து வராங்களாம். கேமராவையும் பதிவாகுற பெட்டியையும் கழட்டிட்டுப் போய் அவங்களே பாத்துக்குவாங்களாம். நீங்க கஷ்டப்படாதீங்கண்ணே.”

போகும்போது அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கேமராக்காரர் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

கழற்றிக்கொண்டு போக அதில் என்ன இருக்கிறது? இரண்டு பேட்டரி, ஒரு குட்டி பல்பு, அவ்வளவுதான். அது டம்மி கேமரா.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒழுங்கான ஒன்றை வாங்கத்தான் கடைக்குப் போனார். வயர் உள்ளதா, இல்லாததா? இருட்டில் தெரிய வேண்டுமா? வாசலில் நிற்பவரோடு பேசுகிற காலிங் பெல் வேண்டுமா? பதிவு பெட்டியிலா, போனிலா? கடைக்காரர் அடுக்க அடுக்க, ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கேள்வியே கேட்காமல் அலமாரி மூலையில் கிடந்தது இது ஒன்றுதான்.

“இது சும்மா பயமுறுத்தத்தான் சார். டம்மின்னு நீங்களா வெளிய சொல்லாத வரைக்கும் நல்லா வேலை செய்யும்” என்றார் கடைக்காரர்.

அவர் சொல்லவில்லை, பெற்ற மகளிடம்கூட. அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “நம்ம வாசல்ல எறும்பு போனாலும் தெரியும்” என்று தெரு முழுக்கத் தம்பட்டம் வேறு அடித்தார். கேமராக்காரர் என்ற பட்டப்பேர் அப்படி வந்ததுதான்.

அன்றைக்கு இன்னும் அரைமணி நேரம் பொறுமையாக நின்று ஒரு நல்ல கேமராவைத் தேர்ந்தெடுத்திருந்தால், இடித்தவன் முகம் இன்று கையில் இருந்திருக்கும். நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

போதாததற்கு, மகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்ற சந்தேகமும் அரித்தது. மூன்று நாளாக அவள் ஆளே மாறிப்போயிருந்தாள். எதற்கெடுத்தாலும் ஏட்டிக்குப் போட்டி பேசுகிறவள், கேட்காமலே அவர் சட்டையைத் தேய்த்து வைக்கிறாள். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்க்கிறாள். ஸ்கூட்டர் பஞ்சராம், வீட்டுக்குப் பின்னால் போர்வை போர்த்தி நிற்கிறது. பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறாள். பஞ்சர் ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்றால், “இருக்கட்டும்ப்பா, நீங்க அலைய வேணாம்” என்கிறாள்.

அப்பனின் வண்டவாளம் தெரிந்து பரிதாபப்படுகிறாள், வேறென்ன?

நாளைக்குத் தெருவே பார்க்க மானம் போவதற்கு முன்னால் வீட்டிலாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

“அம்மாடி, இங்க வா. அந்தக் கேமராவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

அவள் வந்து சுவரோடு ஒட்டி நின்றாள். கண் சிவந்திருந்தது.

“வேணாம்ப்பா. எனக்குத் தெரியும்.”

அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. “தெரியுமா? எப்போலேருந்து?”

“போன்ல சார்ஜ் இல்லைன்னு அந்த அத்தைகிட்ட சொன்னீங்களே, அப்பவே.”

“மூணு நாளா தூக்கமே இல்லம்மா எனக்கு. அந்தப் பொம்பளை முகத்தைப் பாக்க முடியல. நாளைக்கு அவங்க வரதுக்குள்ள நானே போய் உண்மையைச் சொல்லிடட்டுமா?”

“நானே சொல்லிடறேன்ப்பா.”

“நீ எதுக்கும்மா சொல்லணும்? தப்பு பண்ணினது நான்.”

அவ்வளவுதான், அவள் உடைந்துபோனாள். ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்து, மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“பழியை நீங்க தலையில போட்டுக்காதீங்கப்பா. இடிச்சது நான்னு அதுல பாத்துட்டுத்தானே மூணு நாளா மறைக்கறீங்க?”