சிரித்துத் தைத்த போர்வை

போர்வை வாங்கும் கம்பெனியின் ஆள் சர்வேஷ் ஸ்கேனரைப் போர்வையின் மேல் ஓட்டினான். தைக்கும்போது தைத்தவள் மனசில் என்ன இருந்தது என்று அது காட்டிவிடும். சிவப்பு விளக்கு எரிந்தது.

“முழுக்கச் சிரிப்பா இருக்கே மேடம். ரிஜெக்ட் ஆயிடும்.”

“மெட்ரோ எஸ்கலேட்டர்ல எங்கம்மா செருப்பு மட்டும் மேல போச்சு, அம்மா கீழயே நின்னுட்டாங்க. அதை நெனச்சுத் தெச்சேன். என்ன தப்பு?” என்றாள் பூமயில். பழைய புடவைத் துண்டுகளில் படிக்கட்டையும் ஒற்றைச் செருப்பையும் அவள் அப்படியே கொண்டுவந்திருந்தாள்.

“பெரிய வீட்டுப் பொண்ணுங்க தெச்சா சிரிப்பும் விலை போகும். உங்க ஏரியான்னா வாங்கறவங்க சோகம்தான் கேக்கறாங்க. அப்பா சாக்கடைக் குழியில எறங்கித்தானே தவறினாரு? அதை நெனச்சு ஒரு மூலையாவது தெச்சுக் குடுங்களேன்.”

பூமயில் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஊசியை எடுத்து மூலையில் குத்த ஆரம்பித்துவிட்டாள். கண்ணீர் துணியில் சொட்டியது. ஸ்கேனரில் பச்சை எரிந்தது.

“சூப்பர்மா!”

“ஏம்மா, இவனுக்காக அப்பாவை மறுபடியும் குழிக்குள்ள எறக்கறியா?” பூமயில் கத்தரியால் அந்த மூலையை வெட்டினாள். துண்டு தரையில் விழுந்தது.

சர்வேஷ் குனிந்தான். “போர்வை வேணாம் மேடம், இந்தத் துண்டு போதும். இதுக்கே ஆள் இருக்கு.”

அவன் விரல் படுமுன் அதைச் சட்டென்று எடுத்து அம்மாவின் கைக்குள் வைத்து மூடினாள் பூமயில்.

“எந்திரிடா. உங்க வீட்டுல எழவு விழும்ல, அன்னிக்கு ஒக்காந்து நீ தெச்சு வித்துக்க.”