தொட்டி மேல் துணி

முட்டைகூட நுழையாத அந்தச் சைவ வீட்டில், ஆனந்தகுமார் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஆக்டோபஸுக்காக மட்டும் இறால் வரும். அவன் வெளியூர் போனதிலிருந்து வாங்குவது மனைவி அம்சவேணி.

பட்டுத்தறிச் சத்தம் நின்றாலே அவள் ஓடிப்போய்த் தொட்டி மேல் துணியை இழுத்துவிடுவாள். மாமனார் வீரபாகு எழுந்து வந்துவிடுவார்.

"தொட்டிய ஏம்மா துணி போட்டு மூடிக்கினே இருக்குற?"

"வெளிச்சம் அதுக்கு ஆவாது மாமா."

"நல்லா தின்னுதா?"

"தின்னுது மாமா."

இறாலோடு பின்கட்டுக்கு நழுவினாள். தாமல் ஏரி மீன் தின்று வளர்ந்த நாக்கு அவளுக்கு.

சற்று நேரத்தில் அவரும் அங்கே வந்து நின்றார். சட்டியை முந்தானையால் மறைத்தாள். வறுவல் வாசனையை எதால் மறைப்பது?

"அது செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியும்மா."

நெற்றி நிறைய விபூதியோடு மாமனார் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் ரெண்டு வை. தொட்டி மேல துணி மட்டும் அப்படியே இருக்கட்டும்."