யாரை, எதை

நவம்பர் 14, வெள்ளி.

இன்று மாலை இங்கிலீஷ் வகுப்பில் ஒரு தவறு செய்தேன். 'ஃபால்' என்ற சொல்லைப் பலகையில் இடது பக்கம் எழுதிவிட்டேன்.

வினைக்குப் பின்னால் யாரை, எதை என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் அந்தச் சொல் இடது பக்கம். வராவிட்டால் வலது பக்கம். போன வாரமே புரிந்துவிட்டதாக நினைத்தேன். எனக்கு எப்போதும் இப்படித்தான்.

"விழுந்தாள். யாரை விழுந்தாள்? நீயே கேட்டுப் பாரும்மா," என்றார் பெனடிக்ட் சார்.

பின் பெஞ்சில் சிரித்தார்கள்.

பதில் இல்லை. அந்த வாக்கியத்தில் வேறு ஆளே கிடையாது. அழித்துவிட்டு வலது பக்கம் எழுதினேன்.

ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு இன்னொரு ஆள் தெரிந்தார். அதனால்தான் குழம்பியிருப்பேன்.

காலையில் கம்பெனியில் ஆடிட்.

ஆடிட் நாளில் மட்டும் எங்கள் செக்கிங் மேசைகளுக்குப் பின்னால் ஸ்டூல் வரும். குடோனிலிருந்து இறக்கி, துடைத்து, வரிசையாகப் போடுவார்கள். எங்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று சோதிக்க வரும் வெளிநாட்டு அம்மா பார்த்துவிட்டுப் போனதும் திரும்ப ஏற்றிவிடுவார்கள். நாங்கள் எல்லா நாளும் நின்றுகொண்டுதான் பனியனில் ஓட்டை தேடுவோம். ஸ்டூல் கிடக்கிற நாளிலும் அப்படித்தான்.

ரெஜினா அக்கா புதிது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

உட்காரத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, உட்கார்ந்துவிட்டார்.

"தொடச்சு வெச்சதுல யாரு உக்காரச் சொன்னது?"

ஃப்ளோர் இன்சார்ஜ் தணிகாசலம் சார் பின்னாலிருந்து ஸ்டூலை உருவினார்.

அக்கா தரையில் கையை ஊன்றினார். மணிக்கட்டு மளுக்கென்று மடங்கிய சத்தம் என் மேசைவரை கேட்டது.

அப்போதுதான் ஆடிட் அம்மா உள்ளே வந்தார்.

இங்கிலீஷ் படிக்கிற பொண்ணு என்று என்னைக் கூப்பிட்டார்கள். தணிகாசலம் சார் கூடவே நடந்து வந்தார்.

"அம்மணி, ஆபீஸ்ல ஒரு சீட்டு காலியா இருக்குது. பாத்துப் பேசு."

அக்கா தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். நல்ல கையால் தணிகாசலம் சாரைக் காட்டினார். கம்பெனிதான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார்.

ஆடிட் அம்மா என்னைப் பார்த்தார்.

"ஷி ஃபெல்," என்றேன்.

அவரை எதற்குக் காட்டுகிறாள் என்று கேட்டார்.

"ஹி ஹெல்ப்ட் ஹெர்."

ஆடிட் அம்மா தணிகாசலம் சாருக்கு நன்றி சொன்னார். சார் கும்பிட்டார்.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆட்டோவில் ஏற்றிவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னத ஒண்ணு விடாம சொல்லிட்டயில்ல, கண்ணு?"

"சொல்லிட்டேங்க்கா."

தானாக விழுந்ததற்குக் கம்பெனி பொறுப்பில்லை. மதியமே அக்காவின் புருஷனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

வகுப்பு முடியும்போது இடது பக்கத்துக்கு ஒரு வாக்கியம் கேட்டார் பெனடிக்ட் சார். யாரும் கை தூக்கவில்லை.

நான் தூக்கினேன். 'ஹி ஹெல்ப்ட் ஹெர்.'

"யாரை?"

"அவளை, சார்."

"இப்பப் புரிஞ்சிருச்சு பாத்தியா," என்றார்.

புரிந்துவிட்டதா என்று தெரியவில்லை.

நாளை: எட்டரைக்கு ஆபீசில் இருக்க வேண்டும். நாற்காலி போட்டிருக்கிறார்களாம். மாலை வகுப்புக்கு, 'சிட்' என்ற சொல்லை வைத்து ஐந்து வாக்கியம்.