எத்தனை வாட்?

“இது எத்தனை வாட் இழுக்கும்?”

மூன்றாவது முறையாகக் கேட்டாள். கடைக்காரர் அவளுக்குப் பதில் சொல்லாமல் அவள் கணவனைப் பார்த்தார்.

கண்ணாடி மேசை மேல் புது கிராபிக்ஸ் கார்டு, குளிப்பாட்டித் துடைத்துக் கிடத்திய குழந்தை மாதிரி கிடந்தது. அவன் அதை விரல் நுனியால்தான் தொட்டான்.

“எங்க வீட்டு மின்சார வாரியம் சார் இவங்க. இவங்க கையெழுத்துப் போட்டாத்தான் ஃபேனே சுத்தும்.”

கடைக்காரர் சிரித்தார். அவளுக்குக் காது மடல்கள் சுட்டன.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு இன்வெர்ட்டர். மின்சாரம் போனால், கூடத்தில் ஒரு மூலையில் இருக்கும் அவனுடைய கம்ப்யூட்டருக்கும், எதிர்ச் சுவரோரம் கட்டிலில் படுத்திருக்கும் அவன் அம்மாவின் ஆக்ஸிஜன் மெஷினுக்கும் அதுதான் கதி. இப்போதே முக்கி முனகித்தான் தாங்குகிறது. கூட ஒரு மின்விசிறியைப் போட்டால் கத்தத் தொடங்கிவிடும்.

இரண்டு ப்ளக்குகளும் ஒரே பலகையில். அவசரத்தில் யாரும் மாற்றிப் பிடுங்கிவிடக் கூடாதென்று அத்தையின் ப்ளக்கில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தாள்.

“இங்க பாரு,” என்று அவன் அவளுக்குப் பொறுமையாக விளக்கினான். “கார்டை மட்டும் பெருசா போட்டா ப்ராசஸர் திணறும். ப்ராசஸரை மட்டும் பெருசா போட்டா கார்டு படுத்துக்கும். எல்லாம் சமமா இருக்கணும். குடும்பம் மாதிரிதான். ஒருத்தர் தலையிலயே எல்லாத்தையும் கட்டக் கூடாது.”

ட்யூப் மாற்றுவது, மருந்து, படுக்கை விரிப்பு, பாத்திரம், வேலை. எல்லாம் அவள் தலையில்தான்.

பிறகு அவன் கம்ப்யூட்டர் கேபினட் பக்கம் நகர்ந்தான். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முன்பக்க வலையின் முன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

“காத்து நல்லா போகுமா சார்? உள்ள மூச்சு முட்டிரக் கூடாது, பாவம்.”

பாவம் என்றான். ஒரு தகரப் பெட்டியைப் பார்த்து.

அந்தப் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் போட வேண்டும் போலிருந்தது. கைப்பையின் வாரை உள்ளங்கையில் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

போன ஞாயிறு மத்தியானம் மின்சாரம் போனது. மாடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கியவள், ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இன்வெர்ட்டர் கத்திக்கொண்டிருந்தது. அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தான். கட்டிலைப் பார்த்தான். அம்மா கண் மூடியிருந்தார். பலகையருகே குனிந்தான். கம்ப்யூட்டரின் கறுப்பு ப்ளக்கைத் தொட்டான். விட்டான். திரையைத் திரும்பிப் பார்த்தான்.

சிவப்பைப் பிடுங்கினான்.

மெஷின் வீறிட்டது. அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

துணிகள் படியிலேயே கிடந்தன. அவள் ஓடிவந்து கறுப்பைப் பிடுங்கி எறிந்து, சிவப்பைச் செருகி, நிமிர்ந்தபோது அத்தையின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது.

“ஐயையோ, கழண்டிருச்சா?” என்றான் அவன், இருண்ட திரையின் முன்னாலிருந்து. “லூஸா இருந்திருக்கும்.”

அன்றிலிருந்து இதோ, ஆறு நாளாக, அவளால் அவனிடம் கேட்க முடிகிற ஒரே கேள்வி எத்தனை வாட் என்பதுதான். மற்றதைக் கேட்கக் கூடாதென்று அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாங்கிய சத்தியம் நடுவில் நிற்கிறது.

“சொல்லுங்க. எத்தனை வாட்?” என்றாள். இந்த முறை குரல் கடைக்கே கேட்டது. பின்வரிசையில் கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அலமாரியிலிருந்து சின்னதாக இன்னொரு கார்டை எடுத்து வைத்தார். சார் இப்போது வைத்திருப்பதைவிட இது குறைவாக இழுக்கும் என்றார். இந்த ப்ராசஸருக்கு இதுதான் சரியான ஜோடி என்றும் சொன்னார்.

அவன் பெரிய கார்டை ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டான். பிறகு அதைத் தள்ளி வைத்தான்.

“சரி. எங்கம்மாவுக்காக விட்டுக்கொடுக்கறேன்.”

கடைக்காரரின் முகம் கனிந்துவிட்டது. “இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா! வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட சொல்லுங்க மேடம். பூரிச்சுப் போயிடுவாங்க.”



அந்த ஞாயிறன்று அவன் முகம் கழுவப் போன பிறகு, மூக்கில் ட்யூபைச் சரிசெய்த அவள் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு அத்தை சொன்னார்:

“நான் தூங்கலம்மா. எதைப் புடுங்கறான்னு பாத்துக்கிட்டுதான் படுத்திருந்தேன்.”