கேட்ட பெயரெல்லாம்

"அவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள முடியணும். சீக்கிரம் சொல்லுடி."

அக்கா ஒரு கையில் கணவரின் போனையும் மறு கையில் தன் போனையும் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் போனில் தங்கை. செல்போன் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறவள். போனின் உள்விவகாரமெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"செட்டிங்ஸ் போ. நெட்வொர்க். அதுக்குள்ள பிரைவேட் டிஎன்எஸ்னு இருக்கும். தொட்டா ஒரு பேர் கேக்கும். நான் மெசேஜ்ல அனுப்பியிருக்கேன் பாரு, அதை ஒரு புள்ளி மாறாம அப்படியே அடி."

அந்த நீளமான பெயரின் ஆரம்பத்திலேயே 'சிடுமூஞ்சி' என்று இருந்தது. இது என்னடி என்று அக்கா பல்லைக் கடித்தாள். கணக்குத் திறக்கும்போது ஏதாவது ஒரு பெயர் போடச் சொன்னது, வாயில் வந்ததைப் போட்டேன் என்றாள் தங்கை. அக்காவைப் பற்றிப் பேசும்போது அந்தக் குடும்பத்தில் எல்லார் வாயிலும் வருகிற பெயர்தான் அது.

போன் எந்த வெப்சைட்டுக்குப் போவதானாலும் முதலில் யாரிடமாவது வழி விசாரித்துக்கொண்டுதான் போகுமாம். சாதாரணமாக நடுத்தெருவில் நின்று சத்தமாகக் கேட்கும். போகிற வருகிறவர்கள் காதிலெல்லாம் விழும். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஆளிடம் காதோடு காதாகக் கேட்கும். மற்றவர்கள் ஒட்டுக் கேட்கக் கூடாது என்று கண்டுபிடித்த நல்ல விஷயம். ஆனால் அந்த ஒரு ஆள் நம்முடைய ஆளாக இருந்துவிட்டால், கேட்ட பெயரெல்லாம் நம் போனுக்கு வந்துவிடும். தங்கை செய்துகொடுத்தது அதைத்தான்.

"இது தப்புக்கா. சந்தேகம்னா அவரையே நேரா கேட்டுடேன்."

"கேட்டா எனக்குப் பொறாமைன்னு தெரிஞ்சிடும்."

பொறாமைதான், வேறென்ன. அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கடைக்குக் கண் பரிசோதிக்கப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, "அந்தப் பொண்ணு எவ்வளவு கோவம் வந்தாலும் குரலை உயர்த்தறதே இல்ல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அக்காவின் குரல் மூன்றாவது வீடு வரை கேட்கும். தன்னைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று அவளுக்குப் பட்டது. அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். கேட்டதற்கு ஒரு 'ம்', கேட்காததற்கு அதுவும் இல்லை. அவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள்.

கண் வலிக்கிறது என்று சாக்குச் சொல்லிக் கடைக்கும் ஒருமுறை போய்வந்தாள். அந்தப் பெண்ணுக்குப் பல்லாவது எடுப்பாக இருக்கும் என்று நம்பிப் போனாள், அதுவும் இல்லை. "இந்த எழுத்து தெரியுதாங்க அக்கா?" என்று அவள் தேன் ஒழுகக் கேட்டபோது, அக்காவுக்கு எந்த எழுத்தும் தெரியவில்லை. தன்னை அக்கா என்று வேறு கூப்பிட்டுவிட்டாளே என்ற எரிச்சல்தான் தெரிந்தது.

பட்டியல் வர ஆரம்பித்தது. முதலில் செய்தி, மழை, பஸ் நேரம் என்று ஒன்றுமில்லாத பெயர்களாக இருந்தன. பிறகு ஒரு பூங்கொத்துக் கடை. அடுத்த நாள் சென்ட். அதற்கடுத்து மோதிரம், அதிலும் கல் வைத்த மோதிரம். கல்யாண நாளுக்கு அக்காவுக்கு அவர் வாங்கித் தந்தது மிக்ஸி ஜார். மிக்ஸி கூட இல்லை, ஜார் மட்டும்.

அப்போதும் கேட்கவில்லை. தட்டை மட்டும் கொஞ்சம் ஓங்கி வைத்தாள்.

ஒரு சாயங்காலம் புதிதாக ஒரு பெயர் வந்தது. மலை மேல் இருக்கும் விடுதி, ஜோடிகளுக்கு மட்டும். ஹாலில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவர் கண்ணெதிரிலேயே பெரிய பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

தங்கையைக் கூப்பிட்டாள். "நான் உங்க வீட்டுக்கு வர்றேன்டி. இனிமே இங்க எனக்கு வேலை இல்ல. அவர் ரூம் பாக்கற வரைக்கும் போயாச்சு."

"அவரை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்க என்ன இருக்கு?" புடவைகளை மடிக்காமல் பைக்குள் திணித்தாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை.

தங்கையும் தன் பக்கம் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தாள். "அக்கா, இப்ப வந்து விழுறதைப் பாரு. இதெல்லாம் என்ன வெப்சைட்?"

அப்படி ஒரு வெப்சைட் எங்கேயும் கிடையாது. ஆனால் இல்லாத ஊருக்கு வழி கேட்டாலும், கேட்ட பெயர் பட்டியலில் ஏறிவிடும். ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளியே விடாமல், தமிழ். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சிடுமூஞ்சின்னு நீ வெச்ச அன்னிக்கே பாத்துட்டேன் டாட் காம்."

"பூ மோதிரம் எல்லாம் உன் வாயைத் திறக்க வைக்கத்தான் டாட் காம்."

அவள் படித்து முடிப்பதற்குள் அதன் கீழே இன்னொன்று வந்தது: "உன் சத்தம் இல்லாம வீடு வீடாவே இல்ல, வந்து கத்து டாட் காம்."