ஸ்பெஷல் பொடி

"ஹார்ட் அட்டாக் வந்த மனுஷனுக்கு யாராவது காபி கொடுப்பாளா? டாக்டர்தான் கூடவே கூடாதுன்னு சொல்லிட்டாரே."

திரிபுரசுந்தரி கத்தியதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பாவுக்கென்று தனியாக வாங்கி வைத்திருக்கும் ஸ்பெஷல் பொடியை ஃபில்டரில் போட்டாள்.

"காபி இல்லேன்னா மாத்திரையைத் தொடமாட்டேங்கறார். நான் என்ன பண்ண?"

ஹாலில் டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டே அப்பா சிரித்தார். "டாக்டர் கிடக்கான். காபி குடிச்சுண்டு நான் நன்னாத்தானே இருக்கேன்?"

இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று திரிபுரசுந்தரிக்கு ஆத்திரமாக வந்தது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கிறவள் சும்மா விடுவாளா? அன்றைக்கு லேபில் காபிப்பொடியிலிருந்து கஃபீன் பிரித்தெடுக்கும் பிராக்டிகல். லேபில் ஆராய்ச்சி பண்ணிக் காட்டுகிறேன் என்று அப்பாவிடம் சவால் விட்டுவிட்டு, அவர் டப்பாவிலிருந்தே ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டாள். தினமும் உள்ளே போகும் விஷத்தைக் கண்ணெதிரே காட்டினால் இரண்டு பேரும் அடங்குவார்கள். சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரம் காலேஜுக்குப் போய்ச் சேரும்வரை அதே நினைப்பு.

பொடியைக் கொதிக்கவிட்டு வடிகட்டினாள். குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்கி, பிரித்து, ஆவியாக்கினாள். மற்றவர்களுக்கு வெள்ளை வெளேரென்று கஃபீன் வந்தது. இவளுக்கு வெறும் கறை.

"கவனமா பண்ணலை நீ," என்றார் லாசரஸ் சார்.

"திரும்பப் பண்றேன் சார்."

சாப்பிடக்கூடப் போகாமல் செய்தாள். மறுபடியும் கறைதான்.

"லேப் பொடியில பண்ணிப் பாரும்மா."

அதில் பளிச்சென்று வந்தது. சார் யோசனையோடு அவள் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பீக்கர் தண்ணீரில் தூவினார். பழுப்பாகக் கோடு இழுத்துக்கொண்டு அது அடியில் போய் உட்கார்ந்தது.

"காபின்னா மிதக்கும். இது முழுக்க சிக்கரி, அதுல கஃபீனே கிடையாது. எந்தக் கடையில வாங்கறீங்க?"

வீட்டுக்கு வந்தவள் நேரே சமையலறைக்குள் போனாள்.

"கடைக்காரன் உன்னை நன்னா ஏமாத்தறாம்மா. அப்பா பொடியில காபியே இல்லை. அத்தனையும் சிக்கரி."

அம்மா அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுடி. நான்தான் கேட்டு வாங்கறேன். தெரிஞ்சா ஹோட்டல்ல போய்க் குடிச்சுடுவார்."

திரிபுரசுந்தரிக்குக் காலையில் கத்தியதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

"என்னடி, உன் ஆராய்ச்சி என்னாச்சு?" ஹாலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

லேப் பொடியில் எடுத்த கஃபீன் ஒரு சின்னக் குழாயில் அவள் பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் நீட்டினாள்.

"இதோ, உங்க பொடியில எடுத்ததுதாம்பா. எங்க கிளாஸ்லயே இவ்வளவு ஸ்ட்ராங் காபி யார் வீட்டுலயும் இல்லையாம்."